ரக்கார்ஸ்கியின் ஆணி

நோர்வேயில் ஆளுக்கொரு எத்தர்நாவ்ன் இருக்கவேண்டும். குடும்பப் பெயரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரை எடுத்து எங்கள் பெயருக்குப் பின்னால் கொழுவிவிட்டு, இதுதான் எங்கள் குடும்பப் பெயர் என்று இந்த நாட்டிடம் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். அதனால் அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், எனக்கு வேறொன்று, அப்பாவின் சொந்த அண்ணனான பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்புக்கு வரும் தபால்காரருக்கு எங்கள் பெட்டி தீராத தலையிடி.

பெரியப்பாவுக்கு இதில் பெரிய பெருமை. எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு அடிக்கடி சொல்வார். "வட இந்தியாக்காரரைப் பாருங்கோ, சாதியைப் பேரிலையே கட்டிக்கொண்டு திரியினம். எங்கடை பேரிலை ஏதாவது இருக்கே? சுத்தமான பேர்."

சுத்தமான பொய். எங்களுக்கும் எத்தர்நாவ்ன் இருக்கிறது. அதை நாங்கள் எழுதுவதில்லை, கேட்போம். நீர் எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை மகன்? இந்த மூன்று கேள்வியும் சிரித்த முகத்தோடு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, ஊர்ப்பாசத்தில் கேட்பதுபோலவே கேட்கப்படும். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் வந்தவர் எங்கே இருக்கலாம், எதில் குடிக்கலாம், எப்போது எழும்பிப் போகவேண்டும் என்பதெல்லாம் முடிவாகிவிடும். இதையெல்லாம் இப்போது வாய் நிறையச் சொல்கிறேன். சின்ன வயதில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

அப்பாவுக்கு ஒரு தங்கை. எனக்கு மாமி. எங்களோடுதான் இருந்தா. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வேலை முடிந்து வந்ததும் குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு யன்னலடிக்குப் போய், கீழே வளைந்து போகிற சுரங்க ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பா. எங்கள் பக்கத்தில் அது சுரங்கத்தை விட்டு வெளியே வந்து வெளிச்சத்தில் ஓடும். சில ரயில்கள் போகும்போது மாமி கையை ஆட்டுவா. நானும் ஆட்டுவேன். ரயில் ஓட்டுபவர் விளக்கை ஒருதரம் அணைத்துப் போடுவார். நோர்வேயில் எல்லா ரயிலும் பிள்ளைகளுக்கு இப்படிக் கண்ணடிக்கும் என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ரயிலை ஓட்டியவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. நான் அவருக்கு ரயில் மாமா என்று பெயர் வைத்தேன். அவரும் யாழ்ப்பாணம்தான். இங்கே அவருக்குப் பெரியவர்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லாததால், மாமியைத் தான் கட்டிக்கொள்ள விரும்புவதைத் தானே நேரில் கேட்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, எனக்கு ஒரு பெட்டி சொக்கலேற்றும் கொண்டுவந்திருந்தார். பெரியப்பா ஸ்ட்ரோம்மனிலிருந்து முன்கூட்டியே வந்து நடுச் சோபாவில் இருந்தார். மூன்று கேள்வியும் வரிசையாகக் கேட்கப்பட்டன. ரயில் மாமா மறைக்கவில்லை. ஊரைச் சொன்னார், பக்கத்தைச் சொன்னார், தன் தகப்பன் செத்த வீடுகளுக்குப் பறை அடிக்கப் போனவர் என்பதையும் தலையை நிமிர்த்திச் சொன்னார்.

எனக்கு ஞாபகம் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. கண்ணாடி அலுமாரியிலிருந்து தங்கக் கரை வைத்த கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்திருந்தா. அவை விசேஷத்துக்கு மட்டும் வெளியே வருபவை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் அதில் வந்தது. ரயில் மாமாவுக்கு மட்டும் பலூன் படம் போட்ட கடதாசிக் கப்பில் வந்தது. என்னுடைய பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியது! நான் கெஞ்சிக் கேட்டும் அம்மா எடுத்துத் தராமல் மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்த கப். எனக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. "எனக்கும் அந்தக் கப்பிலை தாங்கோ" என்று குழறினேன். அம்மா சிரித்த முகத்தை மாற்றாமலே என் தொடையில் கிள்ளினா.

ரயில் மாமா அந்தக் கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குசினி வாசலில் நின்ற மாமியையும் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்து, கப்பைத் தானே கொண்டுபோய்க் குப்பைக்கூடைக்குள் போட்டுவிட்டு, "போட்டு வாறன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் வீட்டில் நடந்த சண்டையை என்னால் முழுவதும் எழுத முடியாது. என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். "அவையள் எங்கடை ஆக்கள் இல்லை" என்று பெரியப்பாவின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. மாமியின் குரல் ஒருதரம் மட்டும் கேட்டது. "நான் அவரைத்தான் கட்டுவன்." அப்பா, தான் செத்துப்போவேன் என்றார். அந்த வெருட்டுக்கு மாமி பயந்துபோனா. அடுத்த கிழமை ரயில் போனபோது மாமி யன்னலடிக்கு வரவில்லை. நான் தனிய நின்று கையை ஆட்டினேன். விளக்கு அணைந்து எரியவில்லை, ரயில் தன்பாட்டில் போனது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அதற்குப் பிறகு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மாப்பிள்ளைகளின் படங்கள் வந்தன. எல்லாரும் எங்கடை ஆக்கள். மாமி ஒரு படத்தையும் கையில் தொடவில்லை. கல்லுளிமங்கி என்றார் பெரியப்பா. வயது ஏறிக்கொண்டு போனது. கோயிலில் சனம் கேட்கத் தொடங்கியது. தங்கச்சிக்கு ஏன் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அப்பாவின் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் மாமி ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தான் வேலை செய்யும் இல்லத்தின் குளியலறைகளுக்கு ஓடு பதிக்க வந்த போலந்துக்காரர் ஒருவரைக் கட்டப்போவதாக, உப்பைத் தாங்கோ என்று கேட்பதுபோலச் சொன்னா.

வீடு இடிந்து விழும் என்று பார்த்தால், ஒன்றும் விழவில்லை. பெரியப்பா கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "வெள்ளைக்காரன் எண்டா பரவாயில்லை. ஒருத்தரும் ஊர் கேக்கமாட்டினம்" என்றார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் ஓடு பதிக்கிறவன் என்று கோயிலில் சொல்ல முடியாதே. பெரியப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். மாப்பிள்ளையின் எத்தர்நாவ்ன் ரக்கார்ஸ்கி. பெரியப்பா கணினியில் தேடு தேடென்று தேடினார். நோர்வேயில் அந்தப் பெயரில் வேறொருவரும் இல்லை. போலந்தில்கூட ஏதோ சில குடும்பங்கள்தானாம். அவ்வளவுதான், பெரியப்பா பிடித்துக்கொண்டார். கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் இருக்கிற பேர் இல்லை, ஸ்கி என்று முடிகிறது, நிலபுலம் ஆண்ட பரம்பரையாய்த்தான் இருக்கவேணும். அரச குடும்பத்தின் கிளையாகவும் இருக்கலாம், போரில் எல்லாம் அழிந்திருக்கும், பாவங்கள். அந்த வாரமே கோயிலில் அது பரவியது. அர்ச்சனைத் தட்டோடு நின்ற பெண்கள் அம்மாவிடம் வந்து, ராசா வீட்டு மாப்பிள்ளையாமே என்றார்கள். அம்மா மறுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வேலை தந்தார்கள். எனக்கு எட்டு வயது. ஒவ்வொருவரும் தங்கள் எத்தர்நாவ்ன் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் சொல்லவேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயருக்கு மலையடித் தோட்டம் என்று அர்த்தமாம். இன்னொருவனின் பெயர் அவன் பூட்டன் வாழ்ந்த பண்ணையின் பெயராம். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் என் எத்தர்நாவ்னுக்கு என்ன கதை என்று கேட்டேன். "அது நான்தானே" என்றார் அப்பா. இதை வைத்துக்கொண்டு வகுப்பில் எத்தனை நிமிடம் கதைக்கலாம்? எனக்கு அழுகை வந்தது. மாமிதான் முகத்தைத் துடைத்துவிட்டு, "உன்ரை புது மாமாவிட்டைக் கேளன். அவரும் உன்ரை ஆள்தானே இனி" என்றா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் சாப்பிட வந்தார். நெடுவல் ஆள், வெயிலில் சிவந்த கழுத்து, விரல் இடுக்குகளில் கழுவியும் போகாத வெள்ளைச் சாந்து. பெரியப்பா கோட் போட்டு வந்திருந்தார். இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி. மனிதர் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டார். அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் தங்கக் கரைக் கோப்பைகளில் தேத்தண்ணி வந்தது. அவருக்குத்தான் முதல் கோப்பை. அம்மா இரண்டு கையாலும் கொடுத்தா.

நான் பென்சிலோடு அவர் பக்கத்தில் போய் இருந்தேன். ரக்கார்ஸ்கி என்றால் என்ன அர்த்தம் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன். பெரியப்பா கோப்பையை வைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு முன்னுக்குச் சரிந்து இருந்தார். ராசாக்களின் கதையை வாங்கிக்கொண்டு போய்க் கோயிலில் விற்பதற்குத்தான்.

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இதை இதுவரை ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிறகு எனக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாக, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார். ரக்காஷ் என்பது அவர்கள் ஊரில் முந்தி இருந்த ஒரு வேலை. மாடு செத்தால், குதிரை செத்தால், இழுத்துக்கொண்டு போய்த் தோலை உரித்துப் புதைப்பவர். தெருநாய்களைப் பிடிப்பவரும் அவர்தான். அவருடைய வீடு ஊருக்கு வெளியே இருக்கும். அவர் மகளை ஊரில் ஒருவரும் கட்டமாட்டார்கள், இன்னொரு ரக்காஷின் மகன்தான் கட்டவேண்டும். மாதா கோயிலில் கடைசியில் நிற்பார். சாராயக்கடையில் அவருக்கென்று தனிக் குவளை இருக்கும், கதவோரம் ஒரு ஆணியில் தொங்கும். அவர் வந்து தானே எடுத்துக் குடித்துவிட்டுத் தானே திரும்பக் கொழுவவேண்டும். அதில் வேறொருவரும் வாய் வைக்கமாட்டார்கள்.

"அந்த ஆளின்ரை பிள்ளையள்தான் ரக்கார்ஸ்கி" என்று மாமி தமிழில் சொன்னா. சிலவேளை பெரியப்பாவுக்கு நோர்வேஜியம் பிடிபட்டிருக்காது என்று நினைத்தாவோ என்னவோ. மாமியின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

அப்படியென்றால் ஏன் இந்தப் பெயர் கனபேருக்கு இல்லை என்று நான் கேட்டேன். பட்டணத்துக்குப் போனவர்களெல்லாம் வெட்கத்தில் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள் என்றார். அவருடைய தாத்தா மட்டும் மாற்றவில்லையாம். வெட்கப்படவேண்டியது நாங்களா, அந்த ஆணியை அடித்தவர்களா என்று கேட்பாராம். சொல்லிவிட்டு அவர் தங்கக் கரைக் கோப்பையை உயர்த்தி, அம்மாவைப் பார்த்து, நல்ல தேநீர் என்றார்.

அப்பா தரை விரிப்பைப் பார்த்தார். அம்மா அந்தக் கோப்பையை, அது வாயில் படுவதையும் எடுபடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கோ தாங்க முடியாத புளுகம், சந்தோசம். எனக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூட நடையில் சுவர் நெடுகக் குளிர் அங்கி மாட்டும் கொழுக்கிகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று, மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், இவ்வளவு பெரிய கட்டடத்தில் என் பெயரோடு ஒரு கொழுக்கி எனக்காகக் காத்திருந்ததைக் கண்டபிறகுதான் எனக்கு அழுகை நின்றது. கதவோரம் தனி ஆணி, தனிக் குவளை, வேறொருவரும் தொடக்கூடாது! எவ்வளவு முக்கியமான ஆளாக இருந்திருக்கவேண்டும் அவர்.

அதனால் நான் உற்சாகம் தலைக்கேறி, அவருக்கும் விளங்கட்டும் என்று நோர்வேஜிய மொழியிலேயே சொன்னேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். ரயில் மாமா. அவருக்கு மட்டும் தனிக் கப். எல்லாரும் இந்தப் பழைய கோப்பையில் குடித்தார்கள், அவருக்கு மட்டும் பலூன் போட்டது. நான் கேட்டும் எனக்குத் தரவில்லை.

போலந்துக்காரரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் மாமியைப் பார்த்தார்.

"சின்னன், வாய்க்கு வந்ததை அலம்புது" என்றார் பெரியப்பா. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, தமிழ் ஒரு பூட்டிய அறை என்ற நம்பிக்கையில், சத்தமாகவே சொன்னார். "அதை விடு. அவை வெள்ளைக்காரர். அவையளிலை அது ஒட்டாது. கோயிலிலை ஆருக்குத் தெரியப்போகுது? நாங்கள் சொன்னதுதான் கதை."

அப்பா தலையாட்டினார். "ஓம், அதுவும் சரிதான்."

அப்போதுதான் மாமி எழும்பினா. ஓடவில்லை, கத்தவில்லை. குசினிக்குள் போய், கதிரை இழுத்து ஏறி, மேல் தட்டிலிருந்து என் பலூன் கப்புகளை எடுத்தா. ஒரு பொதியில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, பெரியப்பாவுக்கு முன்னால் இருந்த தங்கக் கரைக் கோப்பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றை வைத்தா. அப்பாவுக்கு முன்னால் மற்றதை வைத்தா.

"குடியுங்கோ அண்ணை. ஆறப்போகுது."

என்ன நடக்கிறது என்று போலந்துக்காரர் கேட்டார். இது எங்கள் வழக்கம் என்று மாமி அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னா.

பெரியப்பா தொடவில்லை. அப்பா ஒரு மிடறு குடித்தார். பயத்தில் குடித்தாரா, வெட்கத்தில் குடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவரைக் கேட்கவும் எனக்கு மனமில்லை. பெரியப்பாவின் கப்பில் தேத்தண்ணி ஆடை கட்டி, கடதாசி ஊறி, அடியில் மேசைவிரிப்பு நனையத் தொடங்கியது. அவர் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு நடந்ததெல்லாம் ஒரு பெரிய அநியாயமாகப் பட்டது. கடைசியில் பெரியப்பாவுக்கும் கிடைத்துவிட்டது, அப்பாவுக்கும் கிடைத்துவிட்டது, என்னுடைய பிறந்தநாள் கப் எனக்கு மட்டும் இல்லை. நான் குசினிக்குள் ஓடி மாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமி மிச்சக் கப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் நசுக்கிக் குப்பைக்கூடைக்குள் போட்டுக்கொண்டு நின்றா. "உனக்கு வேண்டாமடி" என்றா. "உனக்கு ஒருநாளும் வேண்டாம்." சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதா. நானும் அழுதேன். மாமி எதற்கு அழுதா என்று தெரியாது, நான் கப்புக்காக அழுதேன்.

ஊரில் தேத்தண்ணிக் கடைகளில் இப்படியானவர்களுக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்களாம். ஒஸ்லோவில் சிரட்டைக்கு எங்கே போவது? அதனால் அம்மா இருப்பதை வைத்துச் சமாளித்திருக்கிறா. இது எனக்கு விளங்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு கலியாண வீட்டில் யாரோ பகிடியாகச் சிரட்டைக் கதையைச் சொல்ல, எல்லோரும் சிரிக்க, நான் எழும்பிப் போய்க் கழிவறையில் சத்தி எடுத்தேன்.

மாமி போலந்துக்காரரைத்தான் கட்டினா. பியோர்ண்டாலில் இருக்கிறார்கள். அவர் நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாமி தன் பெயருக்குப் பின்னால் ரக்கார்ஸ்கி என்றுதான் போடுகிறா. இந்தப் பெயரின் கதை முதலே தெரியுமா என்று ஒருமுறை கேட்டேன். "தெரியும். கேட்டாச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அவரிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றா. எங்கள் வீட்டுக்கு வரும்போது இரண்டு பஸ் மாறி வருவா. அந்தச் சுரங்க ரயிலில் ஏறமாட்டா. கோயிலில் பெரியப்பா இன்றைக்கும் ராசா வீட்டுச் சம்பந்தம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் நான் வகுப்பில் எழும்பி நின்றேன். ஒரு கதவு, பக்கத்தில் ஒரு ஆணி, அதில் ஒரு குவளை, மேலே எங்கள் கொழுக்கிகளில் இருப்பதுபோலப் பெயர் எழுதிய அட்டை என்று வடிவாகப் படம் கீறிக்கொண்டு போயிருந்தேன். ரக்கார்ஸ்கி என்றால், ஊர் முழுவதும் சேர்ந்து தனியாக ஒரு ஆணி அடித்துக் கொடுத்த மனிதரின் குடும்பம் என்று சொன்னேன். எங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு, ரயில் ஓட்டுகிற ஒரு மாமாவுக்கு நாங்கள் தனிக் கப் வைத்திருந்தோம் என்று சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆசிரியை என் படத்தைச் சுவரில் குத்திக்கொண்டே, அந்த மாமா இப்போதும் உங்கள் வீட்டுக்கு வருவாரா என்று கேட்டா.

இல்லை என்றேன்.

ஏன்?

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "கப் முடிந்துவிட்டது."